புதிய கெர்னல் எதுவரை வந்தது?

மணிக்கணக்கில் கம்பைல் செய்து நிறுவிய கெர்னல், ரீபூட் கொடுத்ததும் பாதியில் நின்றுவிட்டால் பதற்றம் வருவது இயல்பு. அந்தப் பதற்றத்தில் லைவ் யூஎஸ்பியைச் செருகி, வட்டையே துடைத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து நிறுவிவிடுகிறவர்கள் உண்டு. அதற்கு அவசியமே இல்லை. லினக்ஸில் ஒரு கெர்னல் என்பது பூட் அடைவில் இருக்கும் விஎம்லினஸ் என்ற ஒரு கோப்பு, அதற்குத் துணையான இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு, லிப் அடைவுக்குள் ஒரு மாட்யூல் அடைவு, அவ்வளவுதான். மூன்றுக்கும் பதிப்பின் பெயர் ஒட்டியிருக்கிறது. பெயர் வேறாக இருக்கும்வரை புதியது பழையதைத் தொடாது. உங்கள் கோப்புகளும் பத்திரமாகவே இருக்கின்றன.

"ஏன் ஓடவில்லை" என்ற கேள்வியை முதலில் ஒதுக்கி வையுங்கள். கெர்னலின் கன்ஃபிக் கோப்பில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தேர்வுகள் இருக்கின்றன. அந்தக் கேள்வியோடு உள்ளே இறங்கினால் கரை சேர முடியாது. "எதுவரை வந்தது" என்று கேளுங்கள். கணினி எழுவது எப்போதும் ஒரே வரிசையில்தான். யூஇஎஃப்ஐ கிரப்பை ஏற்றுகிறது. கிரப், கெர்னலையும் இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் நினைவகத்தில் வைக்கிறது. கெர்னல் தன்னை விரித்துக்கொண்டு வன்பொருளைத் தேடுகிறது. இனிட்ராம்எஃப்எஸ் ரூட் பகிர்வைக் கண்டுபிடித்து மவுண்ட் செய்கிறது. பிறகு சிஸ்டம்டி பொறுப்பேற்கிறது. கடைசியாகத் திரையில் பேசியது இவற்றில் எது என்று தெரிந்துவிட்டால், சந்தேகப்பட வேண்டிய தேர்வுகள் பத்துப் பதினைந்தாகச் சுருங்கிவிடும். இந்த அத்தியாயமும் அந்த வரிசையிலேயே போகிறது.

டெபியன், உபுண்டு இரண்டையும் மனதில் வைத்து எழுதுகிறேன். கட்டளைகளையும் பிழைச் செய்திகளையும் வாயால் சொல்லும் விதத்தில் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். கன்ஃபிக் தேர்வுகளின் பெயர்களும், யூயூஐடி, இன்ஸ்டால்_மாட்_ஸ்டிரிப் போன்றவையும் மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும்.

பழைய கெர்னல் கைவசம் இருக்கட்டும்

உபுண்டு தனியாக நிறுவப்பட்ட கணினியில் கிரப் மெனு தெரியாது. பழைய பயாஸ் கணினியில் தொடக்கத்திலேயே ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடியுங்கள். யூஇஎஃப்ஐ என்றால் எஸ்கேப்பை ஒருமுறை தட்டுங்கள். "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" என்ற வரிக்குள் போனால் நிறுவியிருக்கும் எல்லாக் கெர்னல்களும் வரிசையாக இருக்கும். பழையதைத் தேர்ந்தெடுத்து உள்ளே வந்ததும் 'யூநேம் -ஆர்' கொடுத்து எதில் இருக்கிறீர்கள் என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு 'இடிசி/டிஃபால்ட்/கிரப்' கோப்பைத் திறந்து, மெனு பத்து விநாடி தெரியும்படி மாற்றி, 'கொயட்', 'ஸ்பிளாஷ்' என்ற இரண்டு சொற்களையும் எடுத்துவிட்டு 'அப்டேட்-கிரப்' ஓட்டுங்கள். அந்த இரண்டும் செய்திகளை மறைப்பதற்கென்றே இருப்பவை. கெர்னலைச் சோதிக்கும் காலத்தில் அவற்றுக்கு வேலையில்லை.

எவ்வளவு வற்புறுத்திச் சொன்னாலும் தகும் ஒன்று, லோக்கல்வெர்ஷன். ஒவ்வொரு முறை கட்டும்போதும் இந்தத் தேர்வில் '-சோதனை1', '-சோதனை2' என்ற மாதிரி ஓர் ஒட்டைச் சேருங்கள். ஒரே பெயரில் இரண்டு முறை நிறுவினால், விஎம்லினஸ் கோப்பின் பழைய பிரதிக்கு '.ஓல்டு' என்ற வால் சேர்ந்து அது பிழைத்துக்கொள்ளும். மாட்யூல் அடைவுக்கு அப்படி ஒரு காப்பு கிடையாது. புதிய மாட்யூல்கள் பழையவற்றின் மேல் உட்கார்ந்துவிடும், '.ஓல்டு' கெர்னல் எழுந்தாலும் தனக்குரிய மாட்யூல்கள் இல்லாமல் தவிக்கும். ஃப்ரீபிஎஸ்டியில் இதற்கு நேர்மாறான ஒரு பொறி உண்டு. அங்கே 'கெர்னல்.ஓல்டு' என்று முழு அடைவே மாட்யூல்களோடு சேர்த்துக் காக்கப்படுகிறது. ஆனால் கெட்ட கெர்னலின் மேல் இன்னொரு கெர்னலை நிறுவினால், அந்தக் கெட்டதே 'ஓல்டு' ஆகி, நல்லது காணாமல் போகும். அதனால்தான் ஜெனரிக் கெர்னலை வேறொரு பெயரில் தனியாக வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

சர்வர் வேறு ஊரில் இருந்தால் கதையே வேறு. மெனுவைத் தட்ட அங்கே ஆள் இல்லை. கிரப் அமைப்பில் டிஃபால்ட் என்பதை 'சேவ்டு' என்று மாற்றி, பழைய கெர்னலையே இயல்பாக வைத்து, புதியதை 'கிரப்-ரீபூட்' கட்டளையால் ஒரே ஒரு முறைக்கு மட்டும் தேர்ந்தெடுங்கள். கிரப் கெர்னலுக்குத் தரும் வரியில், அதாவது கெர்னல் வரியில், 'பேனிக்=10' சேருங்கள். புதியது பேனிக் ஆனால், அதாவது மீள முடியாத பிழையில் நின்றுவிட்டால், பத்து விநாடியில் தானே ரீபூட் ஆகி, பழையதில் வந்து நிற்கும். டெபியன் வழி இனிட்ராம்எஃப்எஸ்ஸும் இந்தச் சொல்லை மதிக்கிறது. ரூட் கிடைக்காதபோது ஷெல்லில் காத்திருக்காமல் ரீபூட் செய்துவிடும். இந்த ஏற்பாட்டில் இரண்டு ஓட்டைகள் உண்டு. பூட் அடைவு எல்விஎம் அல்லது மென்பொருள் ரெய்டின் மேல் இருந்தால் கிரப்பால் அதில் எழுத முடியாது, எனவே "ஒரு முறை மட்டும்" என்ற குறிப்பு அழியாமல் நின்று, கெட்ட கெர்னலையே திரும்பத் திரும்ப எழுப்பும். மற்றது, பேனிக் ஆகாமல் வெறுமனே உறைந்து நிற்கும் கெர்னல். அதற்கு இந்த வழி உதவாது; சர்வர் நிறுவனம் தரும் தொலைநிலை கன்சோல் வழியாகத்தான் போக வேண்டும். அது வேலை செய்கிறதா என்பதை ரீபூட் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

கிரப்பைத் தாண்டாவிட்டால்

"பேட் ஷிம் சிக்னேச்சர்" என்ற செய்தி வந்தால் காரணம் செக்யூர் பூட். உங்கள் கெர்னலில் யாரும் கையெழுத்திடவில்லை. எனவே செக்யூர் பூட்டுக்காகக் கிரப்புக்கு முன் ஓடும் ஷிம் மறுக்கிறது. யூஇஎஃப்ஐ அமைப்பில் செக்யூர் பூட்டை அணைக்கலாம். அல்லது சொந்தமாக ஒரு சாவி உருவாக்கி, 'மோக்யூட்டில்' மூலம் பதிவுசெய்து, 'எஸ்பிசைன்' கொண்டு கெர்னலில் கையெழுத்திடலாம். கற்றுக்கொள்ளும் காலத்தில் அணைத்துவிடுவதே மேல். ஒரே நேரத்தில் இரண்டு சிக்கல்களோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

"அவுட் ஆஃப் மெமரி" என்று கிரப் சொன்னால் உடனே ரேமைச் சந்தேகிக்காதீர்கள். பழைய கெர்னலில் வந்து பூட் அடைவில் கோப்புகளின் அளவைப் பாருங்கள். விநியோகத்தின் இனிட்ராம்எஃப்எஸ் சில பத்து மெகாபைட்டும் உங்களுடையது பல நூறு மெகாபைட்டுமாக இருந்தால், மாட்யூல்களுக்குள் டீபக் தகவல் அப்படியே இருக்கிறது என்று பொருள். 'மேக் மாட்யூல்ஸ்_இன்ஸ்டால்' கட்டளையில் 'இன்ஸ்டால்_மாட்_ஸ்டிரிப்=1' என்பதைச் சேர்த்து மறுபடி நிறுவி, இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்தால் அளவு இறங்கிவிடும். பூட் தனிப் பகிர்வாக இருக்கும் கணினிகளில் இதே வீக்கம் அந்தப் பகிர்வை நிரப்பி, இனிட்ராம்எஃப்எஸ் எழுதப்படாமலோ அரைகுறையாகவோ போவதும் உண்டு. நிறுவும்போது ஓடிய செய்திகளில் "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்" என்ற வரி இருந்ததா என்று தேடுங்கள்.

கறுத்த திரை

திரை கறுத்திருப்பதால் கெர்னல் செத்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. கேப்ஸ் லாக் விசையைத் தட்டுங்கள். விளக்கு மாறினால் உள்ளே உயிர் இருக்கிறது. மடிக்கணினியில் விளக்கு தானாகவே மினுக்கிக்கொண்டிருந்தால் அது பேனிக்கின் அடையாளம். சற்று நேரம் விட்டு வேறு கணினியிலிருந்து பிங் செய்து, எஸ்எஸ்எச் வழியாக நுழையப் பாருங்கள். நுழைய முடிந்தால் சிக்கல் காட்சியில் மட்டும்தான்.

காட்சிச் சிக்கலில் அதிகம் தென்படுவது ஃபர்ம்வேர். ஏஎம்டிஜிபியு டிரைவரை மாட்யூலாக விடாமல் கெர்னலுக்குள்ளேயே கட்டிவிட்டால், அது ரூட் பகிர்வு மவுண்ட் ஆவதற்கு முன்பே விழித்து ஃபர்ம்வேர் கோப்பைத் தேடும். அந்த நேரத்தில் லிப்/ஃபர்ம்வேர் அடைவே இல்லை. "டைரக்ட் ஃபர்ம்வேர் லோடு ஃபெயில்டு வித் எரர் -2" என்று கெர்னலின் செய்திப் பதிவான டிமெசேஜில் பதிவாகும். -2 என்றால் அந்தப் பெயரில் கோப்பு இல்லை. டிரைவரை மாட்யூலாக மாற்றுவதே எளிய தீர்வு. அதுவரை கெர்னல் வரியில் 'நோமோட்செட்' சேர்த்தால் குறைந்த தெளிவுத்திறனிலாவது திரை வரும். 'நோமோட்செட்' போட்டும் ஒன்றுமே வராவிட்டால் ஃப்ரேம்பஃபர் கன்சோல் தேர்வு விடுபட்டிருக்கலாம். 'ஏர்லிகான்=இஎஃப்ஐஎஃப்பி' சேர்த்து எழுப்பிப் பாருங்கள்; காட்சி டிரைவருக்காகக் காத்திராமல் தொடக்கச் செய்திகளைத் திரையில் எழுதும்.

ரூட் கிடைக்கவில்லை

சொந்தக் கெர்னல் கட்டுகிறவர்கள் எல்லாரும் ஒரு முறையாவது சந்திக்கும் பேனிக் இது: "விஎஃப்எஸ்: அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்நோன்-பிளாக்(0,0)". இதைக் கண்டதும் கன்ஃபிக்கைத் திறந்து கண்ணில் பட்டதையெல்லாம் இயக்கத் தொடங்கிவிடாதீர்கள். திரையைக் கைபேசியில் படமெடுத்து நிதானமாகப் படியுங்கள். எந்தப் படி உடைந்தது என்பதை இந்தச் செய்தியே சொல்லிவிடுகிறது.

அடைப்புக்குள் இருக்கும் இரண்டு எண்கள் வட்டின் மேஜர், மைனர் எண்கள். 8 என்றால் எஸ்டிஏ வகை வட்டு. 8,2 என்பது எஸ்டிஏ2. 259 என்றால் பெரும்பாலும் என்விஎம்இ பகிர்வு. 0,0 என்றால் 'ரூட்=' என்று நீங்கள் கொடுத்த பெயரைக் கெர்னலால் எந்த வட்டோடும் பொருத்த முடியவில்லை. பேனிக் வரிக்குச் சற்று மேலே, "ஹியர் ஆர் தி அவைலபிள் பார்ட்டிஷன்ஸ்" என்ற வரியின் கீழ், கெர்னலுக்குத் தெரிந்த பகிர்வுகளின் பட்டியல் இருக்கும். எண்களையும் பட்டியலையும் சேர்த்துப் படித்தால் மூன்று நிலைமைகள் பிரிந்துவிடுகின்றன.

பட்டியல் வெறுமையாக இருந்தால் வட்டுக் கட்டுப்படுத்தியின் டிரைவர் இல்லை. என்விஎம்இ வட்டுக்கு பிஎல்கே_டெவ்_என்விஎம்இ வேண்டும். சாட்டா வட்டுக்கு சாட்டா_ஏஎச்சிஐ மட்டும் போதாது, பிஎல்கே_டெவ்_எஸ்டியும் வேண்டும். இரண்டாவதை மறந்துவிடுகிறவர்கள் நிறைய. மெய்நிகர் கணினியில் விர்ட்ஐஓ_பிசிஐ, விர்ட்ஐஓ_பிஎல்கே. இன்டெல்லின் அண்மைக்கால மடிக்கணினிகள் பலவற்றில் என்விஎம்இ வட்டு விஎம்டி என்ற கட்டுப்படுத்தியின் பின்னால் ஒளிந்திருக்கும். விஎம்டி தேர்வு இல்லாவிட்டால் என்விஎம்இ டிரைவர் இருந்தும் வட்டு தெரியாது.

வட்டு பட்டியலில் இருக்கிறது, ஆனாலும் 0,0 என்றால் இனிட்ராம்எஃப்எஸ் ஓடவேயில்லை. கிரப் எழுதும் வரியில் 'ரூட்=யூயூஐடி=' என்றுதான் இருக்கும். அந்த யூயூஐடி கோப்பு முறைமைக்குள் எழுதப்பட்டிருக்கும் அடையாளம்; அதைப் படித்து வட்டைக் கண்டுபிடிப்பது இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் இருக்கும் கருவிகளின் வேலை. கெர்னலுக்குத் தானாகப் புரிவது பகிர்வின் அடையாளமான பார்ட்யூயூஐடி, அல்லது டெவ் அடைவின் நேரடிப் பெயர். ஆகவே கிரப் மெனுவில் 'இ' விசையைத் தட்டி 'இனிட்ஆர்டி' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். வரியே இல்லாவிட்டால் 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -சி -கே' என்று கெர்னல் பெயரோடு கொடுத்துக் கோப்பை உருவாக்கி, 'அப்டேட்-கிரப்' ஓட்டுங்கள். ஃபெடோராவில் இந்த வேலையை டிராகட் செய்கிறது, ஆர்ச்சில் எம்கேஇனிட்சிபிஐஓ. வரி இருந்தும் ஓடவில்லை என்றால் கெர்னலால் அந்தக் கோப்பை விரிக்க முடியவில்லை. உபுண்டு 21.10 முதல் இனிட்ராம்எஃப்எஸ்ஸை இசட்எஸ்டிடி முறையில் சுருக்குகிறது. கன்ஃபிக்கில் ஆர்டி_இசட்எஸ்டிடி இல்லாவிட்டால் "கம்ப்ரஷன் மெத்தட் இசட்எஸ்டிடி நாட் கான்ஃபிகர்டு" என்று ஒற்றை வரி சொல்லிவிட்டுக் கெர்னல் மேலே போய்விடும். பேனிக் ஓடும் வேகத்தில் அந்த வரி கண்ணில் படாமல் போவது சாதாரணம்.

எண்கள் 8,2 போல உருப்படியாக இருந்தால் வட்டும் கிடைத்துவிட்டது, பகிர்வும் கிடைத்துவிட்டது. அதில் எழுதப்பட்டிருக்கும் கோப்பு முறைமைதான் கெர்னலுக்குப் புரியவில்லை. எக்ஸ்ட்4 அல்லது பிடிஆர்எஃப்எஸ் தேர்வை இயக்க வேண்டும்.

பேனிக் ஆகாமல் "இனிட்ராம்எஃப்எஸ்" என்று அடைப்புக்குறிக்குள் எழுதிய ஒரு சிறு ஷெல்லில் வந்து நிற்பது இன்னொரு வகை. "அலர்ட்! யூயூஐடி டஸ் நாட் எக்ஸிஸ்ட்" என்று மேலே இருக்கும். இங்கே இனிட்ராம்எஃப்எஸ் ஓடுகிறது. அதற்குள் மாட்யூல் இல்லை. இதற்குப் பெரும்பாலும் நிறுவிய வரிசையே காரணம். 'மேக் இன்ஸ்டால்' ஓடும்போதுதான் இனிட்ராம்எஃப்எஸ் உருவாகிறது, அது மாட்யூல் அடைவிலிருந்து எடுத்துக்கொள்கிறது. எனவே 'மேக் மாட்யூல்ஸ்_இன்ஸ்டால்' முதலில் ஓடியிருக்க வேண்டும். மாற்றி ஓட்டினால் காலியான அடைவிலிருந்து காலியான இனிட்ராம்எஃப்எஸ் பிறக்கும். பழைய கெர்னலிலிருந்து 'எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ்' கட்டளையால் உள்ளே என்விஎம்இ, எக்ஸ்ட்4 மாட்யூல்கள் இருக்கின்றனவா என்று பார்க்கலாம். மறையாக்கம் செய்த வட்டு என்றால் டிஎம்_கிரிப்ட், ஏஇஎஸ், எக்ஸ்டிஎஸ் மூன்றையும் தேடுங்கள். கடவுச்சொல் சரியாக இருந்தும் வட்டு திறக்காததற்கு இவை விடுபட்டது காரணமாகலாம்.

இந்தத் தொல்லைகளுக்கெல்லாம் என் பரிந்துரை ஒன்றுதான். உங்கள் கணினியின் வட்டுக் கட்டுப்படுத்தி, ரூட்டின் கோப்பு முறைமை இரண்டையும் 'எம்' என்று மாட்யூலாக விடாமல் 'ஒய்' என்று கெர்னலுக்குள்ளேயே கட்டிவிடுங்கள். கெர்னலின் அளவு கொஞ்சம் கூடும். அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

எமர்ஜென்சி மோட்

ரூட் கிடைத்து, சிஸ்டம்டி எழுந்து, "யூ ஆர் இன் எமர்ஜென்சி மோட்" என்று நிற்கிறதா? பாதிக்கு மேல் கடந்துவிட்டீர்கள். 'ஜர்னல்சிடிஎல் -எக்ஸ்பி' கொடுத்துச் சிவப்பில் இருக்கும் முதல் வரியைத் தேடுங்கள். மெலிந்த கன்ஃபிக் வைத்திருப்பவர்களுக்கு அநேகமாக பூட்/இஎஃப்ஐ பகிர்வு மவுண்ட் ஆகவில்லை என்றே இருக்கும். அது ஃபேட் வடிவத்தில் இருக்கிறது. விஃபேட் தேர்வை இயக்கியிருப்பீர்கள்; ஆனால் கோப்புப் பெயர்களின் எழுத்துக்குறியாக்க மாற்றத்துக்கு என்எல்எஸ்_கோட்பேஜ்_437, என்எல்எஸ்_ஐஎஸ்ஓ8859_1 என்ற இரண்டும் வேண்டும். மெனுகான்ஃபிக்கில் அவை "நேட்டிவ் லாங்குவேஜ் சப்போர்ட்" என்ற பகுதிக்குள் இருக்கின்றன. நமக்குத் தேவைப்படாத மொழிகள் என்று நினைத்து அந்தப் பகுதியையே கழித்துவிடத் தோன்றும். டிமெசேஜில் "ஐஓ சார்செட் ஐஎஸ்ஓ8859-1 நாட் ஃபவுண்ட்" என்ற வரியைப் பார்த்தால் இதுதான்.

சிஸ்டம்டியே சரியாக எழவில்லை என்றால் அதற்கு அடிப்படைத் தேவையான சில தேர்வுகளைச் சரிபாருங்கள்: டெவ்டிஎம்பிஎஃப்எஸ், சிகுரூப்ஸ், இனோட்டிஃபை, சிக்னல்எஃப்டி, டைமர்எஃப்டி, ஈபோல். முழுப் பட்டியல் சிஸ்டம்டியின் ரீட்மீ கோப்பில் இருக்கிறது. கன்ஃபிக்கில் கத்தி வைப்பதற்கு முன் அந்தக் கோப்பை ஒரு முறை படித்துவிடுங்கள்.

எழுந்துவிட்டது, ஆனால் ஏதோ குறைகிறது

வைஃபை இல்லை, ஒலி இல்லை, பென் டிரைவ் செருகினால் தெரியவில்லை. 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' பயன்படுத்தியவர்களுக்கு இது எளிதில் நேரும். அந்தக் கட்டளை, ஓட்டுகிற நொடியில் ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிடுகிறது. கட்டும் நேரம் பெருமளவு குறையும், அருமையான வசதி. ஆனால் அந்த நொடியில் செருகப்படாதிருந்த பென் டிரைவ், இணைக்கப்படாத பிரிண்டர், கைபேசி வழி இணையம், விபிஎன் எதுவும் கெர்னலுக்குத் தெரியாமல் போகும். கட்டளையை ஓட்டுமுன் நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் எல்லாவற்றையும் ஒரு சுற்று செருகி எடுத்துவிட்டால் போதும். மாட்யூல் ஒருமுறை ஏறினால் பெரும்பாலும் ரீபூட் வரை நினைவகத்தில் தங்கியிருக்கும்.

விடுபட்ட டிரைவரின் பெயரைக் கண்டுபிடிக்கக் குறுக்கு வழி உண்டு. பழைய கெர்னலில் 'எல்எஸ்பிசிஐ -கே' ஓட்டி வெளியீட்டைச் சேமியுங்கள். "கெர்னல் டிரைவர் இன் யூஸ்" என்ற வரி ஒவ்வொரு பிசிஐ சாதனத்துக்கும் டிரைவர் பெயரைச் சொல்லும். புதியதிலும் ஓட்டி இரண்டையும் ஒப்பிடுங்கள். எந்தச் சாதனத்தில் அந்த வரி காணாமல் போயிருக்கிறதோ அதன் டிரைவரைக் கட்டினால் போதும்.

மாட்யூல் இருந்தும் ஏறாவிட்டால் செய்தியைப் பாருங்கள். "இன்வேலிட் மாட்யூல் ஃபார்மேட்" என்றால் அந்த மாட்யூல் வேறொரு கெர்னலோடு கட்டப்பட்டது. டிமெசேஜில் இரண்டு பதிப்புப் பெயர்களும் அருகருகே இருக்கும். "கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்" என்றால் கையெழுத்துச் சிக்கல். என்விடியா, வர்ச்சுவல்பாக்ஸ் போல வெளியிலிருந்து வரும் மாட்யூல்களை டிகேஎம்எஸ் ஒவ்வொரு கெர்னலுக்கும் தனியாகக் கட்டுகிறது. 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' ஓட்டி உங்கள் கெர்னலின் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். மிகப் புதிய கெர்னலோடு பழைய என்விடியா டிரைவர் கம்பைல் ஆகாமல் போவது வழக்கமான ஒன்று. அதற்கு உங்கள் கன்ஃபிக் காரணமல்ல.

உபுண்டுவில் ஃபயர்ஃபாக்ஸ் மட்டும் திறக்கவில்லை என்றால் திகைக்க வேண்டாம். 22.04 முதல் அது ஸ்னாப் பொதியாக மட்டுமே வருகிறது. ஸ்னாப் என்பது ஸ்குவாஷ்எஃப்எஸ் கோப்பு. ஸ்குவாஷ்எஃப்எஸ் தேர்வையும் அதன் எக்ஸ்இசட், எல்இசட்ஓ ஆதரவையும் சேர்க்க வேண்டும். டாக்கருக்கும் இதேபோல ஓவர்லே, பிரிட்ஜ், நெட்ஃபில்டர் தேர்வுகள் நீளமாக வேண்டும். டாக்கரின் மூலமான மோபி திட்டத்தில் 'செக்-கான்ஃபிக்' என்ற ஸ்கிரிப்ட் இருக்கிறது, விடுபட்டவற்றை அதுவே "மிஸ்ஸிங்" என்று சொல்லிவிடும்.

ஓடிக்கொண்டிருந்து விழுந்தால்

நன்றாக எழுந்து, சில மணிநேரம் ஓடி, பிறகு உறைந்து போகும் கெர்னலைக் கையாளப் பொறுமை வேண்டும். உறைந்த கணினியின் பவர் பொத்தானை அழுத்துமுன் ஆல்ட், சிஸ்ஆர்க்யூ இரண்டையும் பிடித்துக்கொண்டு எஸ், யூ, பி விசைகளை இடைவெளி விட்டுத் தட்டுங்கள். எழுத வேண்டியது வட்டுக்குப் போகும், கோப்பு முறைமைகள் படிக்க மட்டும் என்று மாறும், கணினி ரீபூட் ஆகும். உபுண்டுவின் இயல்பு அமைப்பான 176 இந்த மூன்றையும் அனுமதிக்கிறது. உங்கள் கன்ஃபிக்கில் மேஜிக்_சிஸ்ஆர்க்யூவை அணைத்துவிடாதீர்கள்.

எழுந்ததும் 'ஜர்னல்சிடிஎல் -கே -பி -1' கொடுத்து முந்தைய பூட்டின் செய்திகளைப் பாருங்கள். பேனிக் ஆகியிருந்தால் கடைசி வரிகள் வட்டுக்குப் போயிருக்காது. பிஸ்டோர் வசதி இயங்கினால் யூஇஎஃப்ஐ நினைவகத்தில் அவை தங்கியிருக்கும். சிஸ்டம்டி அவற்றை வார்/லிப்/சிஸ்டம்டி/பிஸ்டோர் அடைவில் எடுத்து வைத்திருக்கும்.

கிடைத்ததில் ஊப்ஸ் செய்தியை, அதாவது கெர்னல் தன் பிழையை அறிவிக்கும் பகுதியை, மேலிருந்து படியுங்கள். "கெர்னல் நல் பாயிண்டர் டிரெஃபரன்ஸ்" என்ற வரியில் முகவரி வெறும் சுழிகளாக வந்து கடைசியில் ஒரு சிறு எண்ணில் முடிந்தால், காலியான ஒரு சுட்டியின் வழியாக ஏதோ ஒரு ஸ்ட்ரக்சரின் உறுப்பைத் தொட முயன்றிருக்கிறது. "ஆர்ஐபி" வரியில் எந்தச் செயற்கூறில், அதன் தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி விழுந்தது என்று இருக்கும். பக்கத்தில் சதுர அடைப்புக்குள் மாட்யூலின் பெயர் இருந்தால் தேட வேண்டிய இடம் கிடைத்துவிட்டது. ஊப்ஸ் வரியில் #1 என்ற எண்ணைக் கவனியுங்கள். முதல் ஊப்ஸ்தான் செய்தி; #2, #3 எல்லாம் முதலாவது உடைத்துப் போட்டதன் விளைவுகள். "டெயிண்டட்" என்ற சொல்லுக்குப் பின் டி என்ற எழுத்து இருந்தால், இதற்கு முன்பே ஓர் ஊப்ஸ் நடந்துவிட்டது, நீங்கள் பார்ப்பது தொடர்ச்சி. பி, ஓ எழுத்துகள் இருந்தால் மூடிய மூலமுள்ள அல்லது வெளி மாட்யூல் ஏறியிருக்கிறது. அதை ஏற்றாமல் மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும்.

கட்டிய அடைவை அழிக்காமல் வைத்திருந்தால், அதன் ஸ்கிரிப்ட்ஸ் அடைவில் இருக்கும் 'டிகோட்_ஸ்டேக்டிரேஸ்' ஸ்கிரிப்ட் இந்த முகவரிகளை மூலக் கோப்பின் வரி எண்களாக மாற்றித் தரும். டீபக் தகவலோடு கட்டிய விஎம்லினக்ஸ் கோப்பு அதற்குத் தேவை. ஊப்ஸ் ஒவ்வொரு முறையும் சம்பந்தமில்லாத வேறு வேறு இடத்தில் விழுந்தால் கெர்னலை விட்டுவிட்டு மெம்டெஸ்ட்86+ ஓட்டுங்கள். ரேம் கோளாறு அப்படித்தான் முகம் காட்டும்.

கன்ஃபிக்கா, கெர்னலா

இவ்வளவுக்குப் பிறகும் காரணம் பிடிபடவில்லை என்றால் இரண்டில் ஒன்றை விலக்க வேண்டும். விநியோகத்தின் கன்ஃபிக்கை பூட் அடைவிலிருந்து எடுத்து, 'மேக் ஓல்டுடெஃப்கான்ஃபிக்' ஓட்டி, உங்கள் அதே மூலத்தைக் கட்டுங்கள். கட்ட நேரம் பிடிக்கும், ஆனால் பதில் தெளிவாகக் கிடைக்கும். அது ஓடினால் தவறு உங்கள் கன்ஃபிக்கில். ஸ்கிரிப்ட்ஸ் அடைவில் உள்ள 'டிஃப்கான்ஃபிக்' இரண்டு கன்ஃபிக்குகளின் வேறுபாட்டை மட்டும் காட்டும். வேறுபாடுகளில் பாதியை மாற்றிக் கட்டுங்கள், பிறகு அதில் பாதி. இப்படிப் பாதி பாதியாகக் குறைப்பதைத் தவிர, ஒரு கட்டில் தொடர்பில்லாத இரண்டு மாற்றங்களைச் செய்யாதீர்கள். சரியானால் எதனால் என்று தெரியாது, கெட்டால் அதுவும் தெரியாது.

விநியோகத்தின் கன்ஃபிக்கும் விழுந்தால், அதே கன்ஃபிக்கோடு முந்தைய பதிப்பு ஓடியிருந்தால், சிக்கல் கெர்னலிலேயே இருக்கிறது. 'கிட் பைசெக்ட்' இதற்காகவே இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு பதிப்புகளுக்கு இடையே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருந்தாலும், பாதி பாதியாகக் குறைப்பதால் ஏறத்தாழ பதினான்கு சுற்றில் ஒரே ஒரு மாற்றத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடும். நிரலாக்கம் தெரியாதவரும் இதைச் செய்யலாம். ஒவ்வொரு சுற்றிலும் "நல்லது", "கெட்டது" என்று சொன்னால் போதும். முன்பு ஓடியது இப்போது ஓடவில்லை என்ற புகாரைக் கெர்னல் உருவாக்குநர்கள் மிகவும் பொருட்படுத்துகிறார்கள். அந்த மாற்றத்தின் அடையாளத்தோடு போகும் புகாருக்கு மதிப்பு இன்னும் அதிகம்.

சோதனைகள் முடிந்ததும் குவிந்திருக்கும் கெர்னல்களை அகற்ற வேண்டும். 'மேக் பின்டெப்-பிகேஜி' மூலம் டெப் பொதியாகக் கட்டியிருந்தால் 'ஏபிடி ரிமூவ்' ஒன்றே போதும். டெபியன் வழியில் இருப்பவர்கள் முதலிலிருந்தே இப்படிக் கட்டுவது நல்லது. 'மேக் இன்ஸ்டால்' வழியாக நிறுவியிருந்தால் பூட் அடைவில் அந்தப் பெயருள்ள விஎம்லினஸ், இனிட்ஆர்டி, சிஸ்டம்.மேப், கன்ஃபிக் ஆகிய நான்கு கோப்புகளையும், லிப்/மாட்யூல்ஸில் அதே பெயருள்ள அடைவையும் கையால் நீக்கி, 'அப்டேட்-கிரப்' ஓட்ட வேண்டும். நன்றாக ஓடிய கெர்னலின் கன்ஃபிக் கோப்பை மட்டும் முன்பே வீட்டு அடைவில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்; அடுத்த பதிப்புக்கு அங்கிருந்துதான் தொடங்குவீர்கள். நீக்கும் கட்டளையைத் தட்டுமுன் 'யூநேம் -ஆர்' மறுபடி ஒருமுறை.